சைடு பிசினஸ் காசு வந்துச்சு, சம்பளமும் சேர்ந்து மாட்டிக்கிச்சு

சைடுல சம்பாரிக்கறது எப்படின்னு சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்காங்க. என்ன பொருள் எடுக்கலாம், எங்க எடுக்கலாம், ரீல்ஸ் எப்படிப் போடலாம், எல்லாம் சொல்றாங்க. அந்தக் காசு நம்ம அக்கவுண்டுக்கு வந்து உழுந்ததுக்கப்பறம் என்ன ஆகலாம்ங்கறத மட்டும் எனக்கு ஒருத்தரும் சொல்லலீங்க. போன தீவாளிக்கு முன்னாடி என்னோட பேங்க் அக்கவுண்ட முடக்கிப் போட்டாங்க. நான் யாரையும் ஏமாத்தல, யார்கிட்டயும் கடன் வாங்கிட்டு ஓடல, கொழந்தைத் துணி வித்தேன், அவ்வளவுதான். அதுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல என் சம்பளத்த நானே தொட முடியாம உக்காந்திருந்தேன். இந்த மாதிரி ஊட்டுல இருந்து ஏதாவது வித்துட்டு இருக்கறவங்க யாராச்சும் படிச்சா உதவும்னுதான் முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்சன்ல சூப்பர்வைசர். பெருமாநல்லூர் பக்கம் ஊடு. எங்க ஊட்டுக்காரர் ஆட்டோ ஓட்டறார். பையன் ஸ்கூல் பீஸ், ஊட்டு லோன், மாசம் எப்படிப் பார்த்தாலும் ஒரு அஞ்சாயிரம் இடிக்கும். கம்பெனில இருந்து பொழுதோட வந்து சோறாக்கி முடிச்சா ஒம்பது மணியில இருந்து பதினொன்னு வரைக்கும் சும்மாதான இருக்கோம்னு, இங்க துணி மொத்தமாக் கெடைக்கற காதர்பேட்டைல சர்ப்ளஸ் துணி எடுத்து வாட்ஸ்அப்ல விக்க ஆரம்பிச்சேன். சர்ப்ளஸ்னா தெரியாதவங்களுக்கு, எக்ஸ்போர்ட் ஆர்டர் ஓட்டும்போது ரிஜெக்சன் வரும்னு கொஞ்சம் எச்சாவே வெட்டித் தெப்பாங்க, பையர் ஆர்டர் போட்ட அளவுதான் எடுப்பான், மிச்சம் நிக்கறது கிலோ கணக்குலயோ பீஸ் கணக்குலயோ வெளிய வந்துரும். கேன்சல் ஆன ஆர்டரும் வரும். செகண்ட்சும், அதாவது குறை இருக்கற பீசும் அதுல கலந்து வரும், அங்கதான் நம்ம கண்ணு வேல செய்யணும். நான் தொழிலே செக்கிங்கறதால லாட்டப் பிரிச்சுப் பார்த்தாலே ஹோல் எங்க, ஆயில் கறை எங்க, சேடு எங்க மாறுதுன்னு தெரிஞ்சிரும். கொழந்தை செட் ஒண்ணு 90 ரூவாய்க்கு எடுத்து, பிசிர் வெட்டி, அயர்ன் போட்டு, கவர் போட்டு 160, 170ன்னு குடுப்பேன், கூரியர் அவங்க செலவு. மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் நிக்கும். தீவாளி மாதிரி நோம்பி வர்ற மாசத்துல எச்சா.

இது ரெண்டு வருசம் நல்லாத்தான் போச்சு. பிரச்சினை வந்தது துணியில இல்ல, காசுல. ஒருத்தர் தமிழ்நாட்டுக்குள்ளயே வேற ஜில்லாவுல கடை வெச்சிருக்கேன்னு சொல்லி மொத்தமா செட் கேட்டார். போட்டோ அனுப்பினேன், பேரம் பேசினார், கடைசில 4,650 ரூவாய்க்கு முடிஞ்சுது. யுபிஐல காசு வந்துச்சு. வந்த பேர் வேற, ஆர்டர் போட்டவர் பேர் வேற. கேட்டதுக்கு மச்சான் நம்பர்ல இருந்து போட்டேன்னார். நம்மூர்ல இது தினமும் நடக்கறதுதான, பொண்டாட்டி நம்பர்ல இருந்து வரும், கடைப் பையன் நம்பர்ல இருந்து வரும். பண்டல் கட்டி அனுப்பினேன், கிடைச்சுதுன்னு மெசேஜும் போட்டார். அத்தோட மறந்தே போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு காதர்பேட்டைல தீவாளிக்கு ஒரு பெரிய லாட் பேசி வெச்சிருந்தேன், 3,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு, மிச்சத்தப் போடலாம்னு போன எடுத்தா பேமெண்ட் போகல. மறுபடி போட்டாலும் போகல. சர்வர் டவுனா இருக்கும்னு நெனச்சேன். பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஏடிஎம்ல பார்த்தா பேலன்ஸ் காட்டுது, எடுக்க மட்டும் முடியல. அடுத்த நாள் பர்மிசன் போட்டுட்டு பேங்குக்குப் போனா அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டரப் பார்த்துட்டு, "மேடம், உங்க அக்கவுண்ட்ல சைபர் கிரைம் ஹோல்டு இருக்குது, டெபிட் பிரீஸ்"னு சொல்லுச்சு. பக்கத்துல க்யூல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கறாங்க. எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சுங்க. போலீசுங்கற வார்த்தையே எங்க குடும்பத்துல யாரும் கேட்டதில்ல. மேனேஜர் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, "இது எங்க கையில இல்லீங்க, வேற ஸ்டேட் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கோம், அவங்க எடுக்கச் சொன்னாத்தான் எடுக்க முடியும்"னு முடிச்சுட்டார். நான் அழுதுட்டே வெளிய வந்தேன்.

இது எப்படி நடக்குதுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. எங்கியோ ஒருத்தர் ஆன்லைன்ல ஏமாந்து போறாரு. அவரு 1930க்கு போன் பண்ணியோ, சைபர் கிரைம் போர்ட்டல்லயோ புகார் குடுக்கறாரு. அவரு பணம் எந்த அக்கவுண்டுக்குப் போச்சு, அங்க இருந்து எங்க போச்சு, அதுக்கப்பறம் எங்க போச்சுன்னு சிஸ்டம் வரிசையா தொரத்திட்டுப் போகும். ஒவ்வொரு தாவலையும் லேயர்னு சொல்றாங்க. அந்த வரிசைல யார் அக்கவுண்ட் வந்தாலும் அவங்க பேங்குக்குத் தகவல் போயிரும், நிறுத்தி வெச்சிருவாங்க. திருடனா, துணி வித்தவளாங்கறது அந்த நேரத்துக்கு சிஸ்டத்துக்குத் தெரியாது. இத நான் குறையாச் சொல்லல, வெசையா நிறுத்தலன்னா ஏமாந்தவருக்கு ஒரு ரூவா கூடத் திரும்ப வராது. ஆனா என்னோட கேஸ்ல 4,650க்கு முழு அக்கவுண்டையும் நிறுத்தினாங்க, அதுதான் கொடுமை. அந்த அக்கவுண்ட்ல என் சம்பளமும் இருந்துச்சு, துணி வித்த ரொட்டேசன் காசு 22,000 இருந்துச்சு, அடுத்த வாரம் கம்பெனி தீவாளி போனசும் அதுலயே வந்து உழுந்துச்சு. இங்க ஒரு விசயம் கவனிங்க, டெபிட் பிரீஸ்னா காசு வெளிய போகாது, உள்ள வந்துட்டேதான் இருக்கும். எச்ஆர்ல போய் அக்கவுண்ட மாத்துங்கன்னு நான் சொல்றதுக்குள்ள போனஸ் லிஸ்ட் பேங்குக்குப் போயிருச்சு. திருப்பூர்ல தீவாளி போனஸ்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வருசம் பூரா அத நம்பித்தான் ஒவ்வொரு ஊட்டுலயும் கணக்குப் போட்டு வெச்சிருப்போம். 31,000 ரூவா, கண்ணுல பார்த்துட்டே இருக்கேன், பைசா எடுக்க முடியல.

அதனால உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா மொத வேலையா பேங்க்ல சண்டை போட்டுட்டு நிக்காதீங்க, அன்னைக்கே வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் தொறந்து சம்பளம் அங்க வர்ற மாதிரி எழுதிக் குடுங்க. அடுத்தது அந்த அக்கவுண்ட்ல இருந்து ஆட்டோமேட்டிக்காப் போற எல்லாத்தையும், லோன் டியூ, இன்சூரன்ஸ், கேஸ், எதெல்லாம் இருக்கோ அதெல்லாம் மாத்துங்க. எனக்கு இது தெரியாம ஊட்டு லோன் டியூ பவுன்ஸ் ஆயி, பேங்க் ஒரு 590 புடிச்சுது, லோன் குடுத்தவங்க தனியா அபராதம் போட்டாங்க, பேலன்ஸ் இருக்கும்போதே பவுன்ஸ்! அடுத்த மாசமும் அதே கூத்து. காதர்பேட்டை அட்வான்ஸ் 3,000 போச்சு, கடைக்காரர் மேல தப்பில்ல, நோம்பி நேரத்துல லாட்ட எத்தன நாளைக்குப் புடிச்சு வெப்பாரு. தீவாளிக்கு எனக்கு நிக்க வேண்டிய பதினஞ்சாயிரமும் போச்சு. செயின அடகு வெச்சு 40,000 வாங்கித்தான் பையன் பீஸும் நோம்பிச் செலவும் பார்த்தோம்.

காசு கூடப் பரவால்லீங்க, பேச்சுதான் தாங்கல. எங்க மாமியார் ஒண்ணும் சொல்லல, "நீ என்ன திருடியா வெச்சிருக்கற கண்ணு, வரும் போ"ன்னாங்க. ஆனா ஒறம்பரைல ஒருத்தர் நோம்பிக்கு வந்தவரு, ஈமு கோழிக் காலத்துல பெருந்துறைப் பக்கம் எத்தன பேர் இப்படித்தான் ஆசப்பட்டு நெலத்த வித்தாங்க தெரியுமான்னு ஆரம்பிச்சாரு. 2012ல ஈமுல காசு போட்டவங்க கத வேற, அவங்க முதலீடு போட்டு ஏமாந்தவங்க, நான் பொருளக் குடுத்துட்டு காசு வாங்கினவ. இத அவருக்கு வெளக்கற தெம்பு கூட அன்னைக்கு எனக்கு இல்ல. எங்க ஊட்டுக்காரர் ஆட்டோ ஸ்டேண்டுல கூட, போலீஸ் கேசாமான்னு கேட்டிருக்காங்க. அந்த ஒரு மாசம் நான் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ கூடப் போடல.

சரி, எப்படி வெளிய வந்தேன்னு சொல்றேன். மொதல்ல பேங்க்ல வாயால சொன்னத வாங்கிட்டு வரக்கூடாது. எழுதிக் கேக்கணும். எந்த ஸ்டேட், எந்த ஸ்டேசன், புகாரோட அக்னாலட்ஜ்மெண்ட் நம்பர் என்ன, எந்தத் தேதி வந்த எவ்வளவு ரூவாய்க்கு ஹோல்டு, விசாரிக்கிற ஆபீசரோட மெயில் என்ன, இத்தனையும். பிராஞ்ச்ல தெரியலன்னா அவங்க ஹெட் ஆபீஸ்ல இந்த மாதிரி விசயம் பார்க்கற நோடல் ஆபீசர் இருப்பாங்க, அவங்களுக்கு மெயில் போடுங்க. எனக்கு இந்த நம்பர வாங்கவே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. பேங்க் பதிலே சொல்லலன்னா 30 நாள் கழிச்சு பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல புகார் போடலாம், காசு கட்ட வேண்டியதில்ல. நான் போடறேன்னு மெயில்ல ஒரு வரி எழுதினதுக்கே பதில் வந்துருச்சு.

நம்மூர் சைபர் கிரைம் ஸ்டேசனுக்கும் போனேன். பயந்துட்டேதான் போனேன், ஆனா அங்க இருந்த அம்மா பொறுமையாக் கேட்டாங்க. "இது எங்க கேஸ் இல்லீங்க, நாங்க எடுக்க முடியாது, ஆனா நீங்க ஓடி ஒளியாம அவங்களுக்கு நீங்களே பேப்பர அனுப்புங்க"ன்னாங்க. அது எவ்வளவு சரின்னு பின்னாடி தெரிஞ்சுது. ஹோல்டு போட்ட வேற ஸ்டேட் ஸ்டேசனுக்கு மெயில் போட்டா பதில் இல்ல, போன் பண்ணினா இந்தி. எனக்கு இந்தி சுத்தம். எங்க கம்பெனில பேக்கிங்ல பீகார்ல இருந்து வந்த ஒரு தம்பி இருக்கான், திருப்பூர் வந்து ஆறு வருசம், நம்மள விட நல்லாத் தமிழ் பேசுவான். டீ டைம்ல அவன்கிட்ட அழுகாத குறையாச் சொன்னேன். "அக்கா, நம்பரக் குடுங்க, நான் பழமை பேசறேன்"னான். பழமைன்னா எங்க பக்கத்துப் பேச்சுல பேச்சு வார்த்தை, அது அவன் வாயில வந்ததக் கேட்டு அத்தன கவலையிலயும் சிரிச்சுட்டேன். அவன்தான் தெனமும் லஞ்ச்ல ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினான். ஒரு நாள் ஆபீசர் கெடச்சார். நாங்க பயந்த மாதிரி மெரட்டல, என்ன தொழில்னு கேட்டார், எதுக்கு வந்த காசுன்னு கேட்டார். அப்பத்தான் இன்னொண்ணு சொன்னார், புகார் குடுத்தவரு பார்ட் டைம் வேலைன்னு நம்பிப் போனவராம். ஓட்டலுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டாக் காசுன்னு மொதல்ல நூறு எரநூறு அனுப்பிட்டு, அப்பறம் பெரிய டாஸ்க்குக்கு டெபாசிட் போடு, போட்டத எடுக்கறதுக்கு இன்னும் போடுன்னு உருவியிருக்காங்க. அந்தாளும் என்னையாட்டமே மிச்ச நேரத்துல நாலு காசு பார்க்கலாம்னு எறங்கினவருதான். அது வரைக்கும் முகம் தெரியாத அந்த மனுசன் மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு, அது அன்னைக்குப் போயிருச்சு. அந்தத் திருட்டுப் பணத்துல ஒரு துண்டத்தான் என்கிட்ட துணியா மாத்தியிருக்காங்க. துணிய எங்கியாவது பாதி வெலைக்குத் தள்ளியிருப்பான், கையில ரொக்கம்.

ஆபீசர் கேட்ட பேப்பர் இவ்வளவுதான்: ஆதார், பேன், அந்த மாசத்து பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆர்டர் பேசின வாட்ஸ்அப் சாட் முழுசா, நான் போட்ட பில், கூரியர் ஸ்லிப், அந்தத் துணிய நான் எங்க வாங்கினேன்ங்கறதுக்கு பில். இதுல என்னோட உசுரக் காப்பாத்தினது கூரியர் ஸ்லிப்தான். யார் பேருக்கு, எந்த ஊருக்கு, எத்தன கிலோ, எல்லாம் அதுல இருக்குது, அவங்களுக்கும் அந்த ஆளப் புடிக்க அது ஒரு தடயம். சாட்ட ஸ்கிரீன்சாட் எடுக்கறதோட நிறுத்தாம வாட்ஸ்அப்லயே எக்ஸ்போர்ட்னு இருக்குது, அதுல மொத்தமா எடுத்து வெச்சுக்கங்க. ஒரு பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு தேதி வாரியா எழுதி, யுபிஐ ரெபரன்ஸ் நம்பரோட எல்லாத்தையும் ஒரே பிடிஎப் ஆக்கி அனுப்பினேன். பத்து மெயில்ல துண்டு துண்டா அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க.

இதுக்கு நடுவுல புரோக்கருங்க வேற. எப்படித் தெரிஞ்சுதோ, பத்தாயிரம் குடுங்க மூணே நாள்ல அன்பிரீஸ் பண்ணித் தர்றோம்னு போன் வருது. ஒருத்தன் போலீஸ் டிரஸ் போட்ட டிபியோட வாட்ஸ்அப்ல வந்தான். அசந்தா இன்னொரு பத்தாயிரம் போயிருக்கும். நல்ல வக்கீலாப் பார்த்துக் கேக்கறது வேற, அது தப்பில்ல. எங்க கம்பெனிக்குப் பார்க்கற வக்கீல் காசு வாங்காமலே சொன்னாரு: முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல சிஆர்பிசி 102ன்னு ஒரு பிரிவு இருந்தது, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல பிஎன்எஸ்எஸ் 106, அதுலதான் போலீஸ் அக்கவுண்ட நிறுத்தறாங்க, வேற வழியே இல்லன்னா அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல மனு போடலாம், இல்லாட்டி ஹைகோர்ட் போகலாம். 2023ல கேரளா ஹைகோர்ட்டும் 2024ல நம்ம சென்னை ஹைகோர்ட்டும் பிரச்சினைல இருக்கற தொகையோட நிறுத்திக்கணும், முழு அக்கவுண்டையும் முடக்கக் கூடாதுங்கற மாதிரித் தீர்ப்பு குடுத்திருக்காங்க, அத உங்க லெட்டர்ல எழுதுங்கன்னார். "மொத்தமா எடுத்து விடுங்க"ன்னு கேக்காம, "4,650 மட்டும் நிறுத்திட்டு மிச்சத்த விடுங்க"ன்னு நான் எழுதினது அவர் யோசனைதான். அதுதான் நடந்துச்சு. ஆபீசரே ஒத்துக்கிட்டு பேங்குக்கு மெயில் போட்டார். அதுக்கப்பறமும் பிராஞ்ச்ல எங்களுக்கு வரலன்னாங்க, பார்த்தா மெயில் நோடல் ஆபீசருக்கு வந்து அங்கியே தூங்கிட்டிருந்துச்சு. ஆபீசர் அனுப்பின மெயிலோட தேதியும் நேரமும் கேட்டு வாங்கிட்டுப் போனதுக்கப்பறம்தான் தேடி எடுத்தாங்க. அந்த 4,650 மட்டும் லியன்ல, அதாவது எடுக்க முடியாதபடி பேங்க்லயே நிறுத்தி வெச்சாங்க, அது யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகும். துணியும் போச்சு காசும் போச்சு, நான் விட்டுட்டேன்.

இப்ப மறுபடி விக்கறேன், ஆனா ஏற்பாடு வேற. சம்பளம் வர்ற அக்கவுண்டு நம்பர ஈ காக்காய்க்குக் கூடக் குடுக்கறதில்ல, அதுல யுபிஐயே இல்ல. துணிக்குத் தனி பேங்க், தனி அக்கவுண்ட், வேற பேங்க்னா வேற பேங்க்தான், ஒரே பேங்க்ல ரெண்டு வெச்சா நம்ம பேர்ல இருக்கற ரெண்டையும் சேர்த்து நிறுத்தினாலும் நிறுத்துவாங்கன்னு பயம். வாரக் கடைசில லாபத்த மட்டும் எடுத்து ஊட்டுக்காரர் அக்கவுண்டுக்குப் போட்டுருவேன், துணி அக்கவுண்ட்ல எப்பவும் ரொட்டேசன் காசுக்கு மேல நிக்காது. சின்னத் தொழில் பண்றவங்களுக்கு அரசாங்கத்துல இருக்கற உத்யம்ல பதிஞ்சேன், ஆதாரும் பேனும் இருந்தாப் போதும், அரசாங்க வெப்சைட்ல ஒரு பைசா செலவில்ல, சென்டர்ல 1,500 கேட்டா குடுத்துராதீங்க. அந்த சர்டிபிகேட்டக் காட்டினா யாராச்சும் என்ன தொழில்னு கேக்கும்போது வாய் தந்தியடிக்காது. ஜிஎஸ்டி பத்தி ஆடிட்டர்கிட்டக் கேட்டேன், தமிழ்நாட்டுக்குள்ளயே துணி வித்தா வருசத்துக்கு 40 லட்சம் தாண்டற வரைக்கும் பதிய வேண்டியதில்ல, ஆனா பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ ஒரு பார்சல் போட்டாலும் பதியணும்னார். கேரளா ஆர்டர் நெறைய வரும், இப்ப வேண்டாம்னு சொல்லிட்டிருக்கேன், மனசு அடிச்சுக்குது.

பெரிய ஆர்டருக்கு காசு போடற பேரும் பார்சல் வாங்கற பேரும் ஒண்ணா இருக்கணும்னு முன்னாடியே சொல்லிர்றேன். கோவிச்சுட்டுப் போறவங்க போகட்டும். புது ஆளுன்னா கேஷ் ஆன் டெலிவரி, ரிட்டர்ன் தொல்லை இருக்குது, ஆனா காசு கூரியர் கம்பெனில இருந்து வரும், தெரியாதவன் அக்கவுண்ட்ல இருந்து நேரா வராது. தெரியாம எச்சா போட்டுட்டேன், மிச்சத்த இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கன்னு யாராச்சும் கேட்டா, காசு வந்த அதே எடத்துக்குத் தவிர வேற எங்கயும் அனுப்பாதீங்க, உங்க பேங்க்லயே புகார் போட்டு எடுத்துக்கங்கன்னு சொல்லிருங்க. எங்க நங்கையா பையன் காலேஜ் படிக்கறான், அவன்கிட்ட ஒருத்தன் உன் அக்கவுண்ட சும்மா ஒரு மாசத்துக்கு குடு, அஞ்சாயிரம் தர்றேன்னு கேட்டிருக்கான். ஏடிஎம் கார்டும் சிம்மும் கேட்டானாம். சைடு இன்கம்தான அத்தைன்னு என்கிட்டயே வந்து கேக்கறான் கெரகத்த. துணி வித்த எனக்கே இந்தக் கதின்னா, அக்கவுண்ட வாடகைக்கு விட்டவன் மொத லேயர்ல நிப்பான், அவனத் தேடி போனு வராது, ஆளே வருவாங்கன்னு சொல்லி அந்த நம்பர அவன் முன்னாடியே பிளாக் பண்ண வெச்சேன்.

பில் புக்கு காதர்பேட்டைல சீப்பாக் கெடைக்குது, கையால எழுதினாலும் போதும், நம்பர் வரிசையா இருக்கணும். சர்ப்ளஸ் கடைல துண்டுச் சீட்டுதான் குடுப்பாங்க, சீல் அடிச்சு தேதி போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க, மொனகிட்டே குடுப்பாங்க. கூரியர் ஸ்லிப்ப மட்டும் டப்பாவுல போட்டு வெச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க, அந்தப் பேப்பர்ல எழுத்து சில மாசத்துல வெளுத்துப் போயிரும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து ஆர்டர் பேர்ல சேவ் பண்ணிருங்க.